பழைய நாளிதழைத் தாளில் படிப்பதா, மைக்ரோஃபிலிமில் படிப்பதா: ஆய்வாளருக்கும் இதழ் சேகரிப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தமிழ் நாளிதழைத் தேடி ஒரு நூலகத்துக்குச் செல்பவரிடம், பெரும்பாலும் அட்டை கட்டிய கனத்த தொகுதி ஒன்றைத் தருவார்கள். இல்லையென்றால் சிறிய பெட்டிக்குள் இருக்கும் ஃபிலிம் சுருளைத் தந்து, மூலையில் இருக்கும் கருவியைக் கைகாட்டுவார்கள். எது கிடைக்கிறதோ அதைப் படித்துக் குறிப்பெடுத்து, இரண்டும் ஒன்றே என்ற எண்ணத்தில் கட்டுரையில் இதழின் பெயரையும் நாளையும் மட்டும் எழுதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் மைக்ரோஃபிலிம் என்பது அந்த நாளிதழ் அன்று. அந்த நாளிதழின் ஒரே ஒரு படியை, ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு பணியாளர், அன்று அவர் கைக்குக் கிடைத்த நிலையில், மிகச் சிறியதாக்கி ஃபிலிமில் எடுத்த நிழற்படம். படியெடுத்தவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியிருந்தால், அந்தச் சுருளைப் படிப்பவருக்கு அவ்விரு பக்கங்களும் அச்சாகவே இல்லை என்றுதான் பொருள். தாளைக் காக்க வேண்டியதன் காரணமும், ஃபிலிமை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டியதன் காரணமும் இந்த ஒரே செய்தியில் அடங்கியிருக்கின்றன.

தொடங்கும் முன்: தாளின் இயல்பும் ஃபிலிமின் இயல்பும்

1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை இதழ் வெளிவரத் தொடங்கிய காலத்தில் அச்சுத்தாள் பெரும்பாலும் கந்தல் துணிக் கூழிலிருந்து செய்யப்பட்டது. 1844இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாளிதழ்கள் அந்த மலிவான தாளுக்கு மாறின. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறுகிறது. தாளில் மை ஊறாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட படிகாரமும் குங்கிலியமும் அமிலத்தைத் தோற்றுவிக்க, அந்த அமிலம் தாளின் இழைகளைத் துண்டுதுண்டாக்குகிறது. ஆகவே 1850இல் அச்சான தாள் இன்றும் வளைந்துகொடுக்க, 1943இல் அச்சானது விரல் பட்டால் உதிர்வதில் வியப்பில்லை. நாளிதழ் பழையது என்பதற்காகவே நொறுங்குவதில்லை. எந்தத் தாளில் அச்சானது, எங்கே எப்படி வைக்கப்பட்டது என்பனவே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

மைக்ரோஃபிலிமின் தொடக்கம் சுவையானது. 1870-71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, ரெனே டாக்ரோன் என்பவர் செய்திகளை நுண்படமாக்கினார். புறாக்கள் அவற்றை நகருக்குள் கொண்டு சேர்த்தன. நாளிதழ்களைப் படமெடுப்பது 1930களில்தான் பெருந்தொழிலானது. கோடாக் நிறுவனத்தின் ரெக்கார்டாக் பிரிவு 1935இல் நியூயார்க் டைம்ஸ் இதழைப் படமெடுக்கத் தொடங்கியது. 35 மில்லிமீட்டர் அகலமும் 100 அடி நீளமும் உள்ள ஒரு சுருளில் ஏறத்தாழ 600 முதல் 800 பக்கங்கள் அடங்கும். ஒரு முழு அலமாரி ஒரு மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடும் என்பதால் நூலகங்கள் அதை ஆவலோடு வரவேற்றன. அந்த ஆவலே பின்னர் வம்பாகவும் ஆனது.

வம்பின் கதை, சுருக்கமாக

ஃபிலிம் எடுத்தாகிவிட்டது, இனித் தாள் எதற்கு என்ற வாதம் அமெரிக்க நூலகங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. படமெடுக்க வசதியாகத் தொகுதிகளின் முதுகை வெட்டி, தாள் தாளாகப் பிரித்து, படமெடுத்த பிறகு அவற்றைக் கழித்துவிட்டார்கள். தாளின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்த்து, சில மடிப்புகளிலேயே ஒடிந்தால் அது சாகக் கிடக்கிறது என்று முடிவுகட்டும் சோதனை ஒன்றும் பழக்கத்தில் இருந்தது. நாளிதழை யாரும் அப்படி மடித்து மடித்துப் படிப்பதில்லை. மெல்லப் புரட்டினால் படிக்கக்கூடிய தாளும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும் என்பதால், இதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடம் ஃபிலிமாக உள்ள வெளிநாட்டு நாளிதழ்த் தொகுதிகளைக் கழிக்க முற்பட்டது. அமெரிக்க நாவலாசிரியர் நிக்கல்சன் பேக்கர் அவற்றில் பலவற்றை விலைகொடுத்து வாங்கினார். புலிட்சர் நடத்திய நியூயார்க் வேர்ல்டு இதழின் வண்ணப் பக்கங்கள் கொண்ட தொகுதிகளும் அவற்றில் உண்டு. அந்தத் திரட்டு 2004இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அதே பிரிட்டிஷ் நூலகம், இலண்டன் காலிண்டேலில் இருந்த நாளிதழ் வாசகசாலையை 2013இல் மூடிய பிறகு, பாஸ்டன் ஸ்பாவில் தாள் இதழ்களுக்கென்றே, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட, உயிர்வாயு குறைத்து நெருப்புப் பற்றாதபடி அமைத்த ஒரு கட்டடத்தை 2015இல் திறந்தது. அங்கே வாசகருக்குப் பெரும்பாலும் ஃபிலிமோ, கணினியில் படிக்கும் மின்படியோ தரப்படுகிறது. தாள் இருளில் உறங்குகிறது. பதினைந்து ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்தை நம் நூலகங்கள் கவனிக்க வேண்டும்.

ஃபிலிமுக்கு ஆதரவாகவும் ஒரு கதை உண்டு; அதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் இதழ்களும் சாம்பலாயின. வேறெங்கும் இல்லாத ஒற்றைப் படிகளுக்கு நிகழ்ந்தது என்ன என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று இல்லை. காலிண்டேலிலும் 1940 அக்டோபரில் விழுந்த குண்டு ஏறத்தாழ 6,000 தொகுதிகளை அழித்தது. தாள் ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஆபத்து. படி பல இடங்களில் இருக்க வேண்டும்.

படி 1: உங்கள் கேள்வி எத்தகையது என்று தீர்மானியுங்கள்

ஒரு செய்தி எந்த நாளில் வந்தது, ஒரு தலையங்கம் என்ன சொன்னது என்ற அளவில் நிற்கும் கேள்விக்கு ஃபிலிம் போதும். அதற்காகத் தாளைப் புரட்டி உதிரவிடுவது நியாயமன்று. ஆனால் இதழின் அளவு, வண்ணம், தாளின் தரம், விளம்பரத்தின் பரப்பு, ஓவியத்தின் நுணுக்கம், கையால் எழுதப்பட்ட குறிப்புகள், முத்திரைகள், இணைப்பிதழ்கள் ஆகியவற்றில் ஒன்றேனும் கேள்வியின் மையத்தில் இருந்தால், தாளைக் காணாமல் எழுதக் கூடாது.

பாரதி ஆசிரியப் பொறுப்பில் இருந்து, 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, 1910இல் நின்றுபோன இந்தியா வார இதழ் சிவப்புத் தாளில் அச்சிடப்பட்டது. அந்தச் சிவப்பு தற்செயல் அன்று; அது ஓர் அறிவிப்பு. கறுப்பு வெள்ளைச் சுருளில் மட்டும் அதைக் காண்பவருக்கு அது மற்றெந்த இதழையும் போன்ற சாம்பல் நிறப் பக்கம்தான்.

அளவும் அப்படியே. இரண்டாம் உலகப் போரின் தாள் பஞ்சத்தில் இதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. மத்திய அரசின் 1972-73ஆம் ஆண்டு நியூஸ்பிரிண்ட் (நாளிதழ் அச்சுத்தாள்) கொள்கை நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க வரம்பு விதித்தது. உச்ச நீதிமன்றம் 1972இல் பென்னட் கோல்மன் வழக்கில் அதைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. இத்தகைய காலத்தை ஆராய்பவர் ஃபிலிமை மட்டும் நம்பினால் பக்க எண்ணிக்கையை அறிவார். பக்கத்தின் அளவை அறிய மாட்டார். பெரிய பக்கமும் சிறிய பக்கமும் திரையில் ஒரே அகலத்தை நிரப்பிவிடும்.

படி 2: எங்கெங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

பயணம் புறப்படுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இதழின் பெயர், வெளியான காலம், அதன் பதிப்பு ஊர்கள், அது இருக்கும் நூலகம், தாளா ஃபிலிமா மின்படியா, எந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்று ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகமும், கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகமும் சட்டப்படி இதழ்களைப் பெறும் நூலகங்கள். நூல்களுக்காக 1954இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 1956இல் நாளிதழ்களுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டம் இருப்பதாலேயே எல்லா இதழும் வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தில்லியில் நேரு நினைவு அருங்காட்சியகம் என்று முன்பு அறியப்பட்ட நூலகத்தின் ஃபிலிம் திரட்டு, கொழும்பிலுள்ள இலங்கை தேசிய ஆவணக் காப்பகம், சிகாகோவில் ஆய்வு நூலகங்களின் மையத்தில் இயங்கும், தெற்காசிய நுண்படத் திட்டம் என்று முன்பு அறியப்பட்ட தெற்காசிய ஆவணத் திட்டம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். இலங்கை இதழ்கள் பல ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத் தொகுப்பிலும், சிங்கப்பூரின் தமிழ் முரசு அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பிலும் கிடைக்கின்றன.

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். கோட்டையூர் முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த அச்சுப் பொருள்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994இல் நூலகம் உருவானபோது மூலங்கள் கடல் கடக்கவில்லை. தாள் சென்னையில் தங்கியது, ஃபிலிம் சிகாகோவுக்குச் சென்றது. தாளா ஃபிலிமா என்ற வழக்குக்கு நான் கண்ட தீர்ப்புகளில் மிக நேர்மையானது இதுதான்.

இணையத்தில் காணும் மின்படியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய நாளிதழ்களின் மின்படிகள் பல, தாளிலிருந்து நேரே எடுக்கப்படாமல் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுக்கப்பட்டவை. ஃபிலிமின் குறை எல்லாம் அதில் அப்படியே இருக்கும். படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தன் பங்குக்கு மேலும் சில பிழைகளைச் சேர்த்திருக்கும். ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் அச்செய்தி வரவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: சுருளைப் படிக்கும் முறை

கருவியில் சுருளை மாட்டியதும் நேரே உங்களுக்கு வேண்டிய நாளுக்கு ஓடாதீர்கள். முதலில் வரும் அறிவிப்புப் படங்களை நிதானமாகப் படியுங்கள். இதழின் பெயர், காலம், படமெடுத்த நிறுவனம், எந்த நூலகத்தின் படி, எத்தனை மடங்கு சுருக்கம், எந்தெந்த இதழ் கிடைக்கவில்லை என்பவற்றை அங்கே தந்திருப்பார்கள். தராவிட்டால் அதுவே அந்தச் சுருளைப் பற்றிய முக்கியமான செய்தி. சுருக்க அளவு தெரிந்தால், அளவுகோலும் படமாகியிருந்தால், விளம்பரத்தின் உண்மைப் பரப்பைக் கணக்கிடலாம்.

அடுத்து, உங்களுக்கு வேண்டிய மாதம் முழுவதையும் ஒரு முறை வேகமாக ஓட்டி, நாள்களும் பக்க எண்களும் தொடர்ந்து வருகின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும் அலுப்பான வேலைதான். ஆனால் விடுபட்ட பக்கத்தை முன்கூட்டியே அறிந்தவர் மட்டுமே இந்த மாதத்தில் அந்தச் செய்தி வெளிவரவில்லை என்று எழுதும் தகுதி பெறுகிறார். ஞாயிறு இணைப்பு, ஆண்டு மலர், தேர்தல் காலச் சிறப்பிதழ் ஆகியவை அடிக்கடி விடுபடும். இதழின் பதிப்பையும் கவனியுங்கள். இரவு ரயிலில் வெளியூருக்கு அனுப்பப்பட்ட டாக் எடிஷனில் இல்லாத செய்தி, விடியற்காலையில் அச்சான நகரப் பதிப்பில் இருக்கும். 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியைப் போலப் பல ஊர்களில் அச்சாகும் இதழுக்கு, எந்த ஊர்ப் பதிப்பைப் படமெடுத்தார்கள் என்று தெரியாமல் உள்ளூர்ச் செய்தியைத் தேடுவது வீண்.

இனி, தமிழ் படிப்பவருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மைக்ரோஃபிலிம் கறுப்பையும் வெள்ளையையும் கடுமையாகப் பிரித்துக் காட்டும் இயல்புடையது. இடைப்பட்ட சாயல்கள் அதில் தொலைந்துபோகும். ஆங்கில எழுத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. தமிழிலோ ஒரு புள்ளியில் மெய்யும் உயிர்மெய்யும் மாறிவிடும். தாளில் பழுப்புப் பொட்டாக இருந்தது சுருளில் கரும்புள்ளியாகி எழுத்தின் தலையில் உட்காரும். மங்கலாக அச்சான உண்மையான புள்ளி மறைந்துபோகும். வாக்கியத்தின் நடுவே என்றால் நாமே திருத்திப் படித்துவிடுவோம். ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் திருத்த வழியில்லை. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் னகரமாகத் தெரியும், ஆணை ஆனையாகிவிடும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான ணை, லை, னை, றா போன்ற பழைய கூட்டெழுத்துகள் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தால், சுருளில் மைத்திட்டுகளாகவே தோன்றும்.

எண்களில் சிக்கல் இன்னும் கூடுதல். பழைய இதழ்களில் தமிழ் எண்கள் வரும். ஒன்றைக் குறிக்கும் ௧ எழுத்தின் இடப்பக்கச் சுழி மங்கினால் அது நான்கைக் குறிக்கும் ௪ போலத் தோன்றும். நான் ஆய்வு தொடங்கிய காலத்தில், ஒரு வார இதழின் சந்தா விளம்பரத்தை இப்படித் தவறாகப் படித்து, அந்த இதழ் எளியவரால் வாங்க முடியாத விலையில் விற்றது என்று அரைப் பக்கம் எழுதிவிட்டேன். பிறகு வேறொரு ஊரில் அதே இதழின் தாள் கைக்கு வந்தது. ஜன்னலோர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, மை குறைவாக விழுந்திருந்தாலும் எழுத்துக்கட்டை அழுத்திய பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. சுழியோடு கூடிய ஒன்று. அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். ஈயக்கட்டை தாளில் பதித்த அந்தப் பள்ளத்தை எந்த ஃபிலிமும் காட்டாது.

வெற்றிடங்களையும் ஐயத்தோடு பாருங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின் 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அந்த வெறுமையே தலையங்கம். சுருளில் அப்படி ஒரு வெள்ளைக் கட்டத்தைக் கண்டால், அது தணிக்கைக்கு எதிர்ப்பா, யாரோ கத்தரித்துப் போன துளையின் பின்னே வைத்த வெள்ளைத் தாளா, படமெடுக்கும்போது விழுந்த ஒளியா என்று தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 4: தாளைக் கேட்க வேண்டிய நேரம்

ஃபிலிம் இருக்கையில் தாளைத் தர நூலகர் தயங்குவது முறையே. அவர் தாளைக் காக்கிறார். ஆகவே மொத்த ஆண்டையும் கேட்காமல், குறிப்பிட்ட நாள்களையும் பக்கங்களையும், ஏன் வேண்டும் என்ற காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். தொகுதி தடித்திருந்ததால் தையல் ஓரத்தில் வளைந்து உட்புகுந்த எழுத்துகள், முன்னே சொன்ன எண்கள், பெயர்கள், வெற்றிடங்கள், கேலிச்சித்திரங்கள், மேற்கோளாக அப்படியே எடுத்தாள இருக்கும் பத்திகள் ஆகியவை நியாயமான காரணங்கள். சுருளில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, ஐயப் பட்டியலோடு ஒரே நாளில் தாளைப் பார்ப்பது நல்லது.

படி 5: தாளைக் கையாளும் முறை

கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம்; அது விரலின் உணர்வை மழுங்கடித்து, நொறுங்கும் ஓரத்தில் சிக்கிக் கிழிக்கும். எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். தொகுதியை மேசையில் கிடத்தி, திறக்கும் பக்க அட்டைக்குக் கீழே மடித்த துணியோ தலையணையோ வைத்தால் முதுகு ஒடியாது. பக்கத்தை மேல்மூலையில் பிடித்து இழுக்காமல், கையை அடியில் செலுத்தித் தாங்கிப் புரட்டுங்கள். பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும். சக்கர விசிறியின் நேர்க்காற்றில் உட்கார வேண்டாம். துண்டு உதிர்ந்தால் பதறி ஒட்ட முயலாமல், ஒரு காகித உறையில் போட்டு நாளையும் பக்கத்தையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள்.

படி 6: உங்களிடமே பழைய இதழ்கள் இருந்தால்

தாத்தா சேர்த்த சுதேசமித்திரனோ குடிஅரசோ வீரகேசரியோ பரணில் இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. எடைக்குப் போடுவதற்கு முன் அது என்ன என்று பார்க்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். பெரிய இதழ்களைவிட, சங்கங்களும் கட்சிகளும் சாதி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் நடத்திய சிறிய இதழ்களே எந்த நூலகத்திலும் இல்லாமல் போகின்றன.

இதழ்களை இறக்கியதும் வீட்டின் மற்ற நூல்களோடு கலக்காமல் தனி இடத்தில் வையுங்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் உடன் வரும். மென்மையான அகலத் தூரிகையால், தையலிலிருந்து வெளிப்புறமாகத் தூசு தட்டுங்கள். பூச்சி உயிரோடு இருந்தால், இதழ்களைக் காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் உறையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் தாளில் படிந்துவிடும். வெயிலில் காயப்போடுவது நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து. நாளிதழுக்கு அது நஞ்சு.

செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் நாடா கழன்றுவிழும், அதன் பிசின் மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கி நிற்கும். லேமினேஷன் அதைவிடக் கொடியது. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஒட்டிய தாளை மீண்டும் பிரிக்கவே முடியாது, உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும். பழைய ஆவண அறைகளில் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் சிஃபான் துணி ஒட்டுவார்கள். இன்று பயிற்சி பெற்ற பாதுகாவலர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் தூய மாவுப் பசையையும் பயன்படுத்துகிறார்கள். பிற்காலத்தில் கழற்ற முடியாத எதையும் தாளின்மேல் செய்யக் கூடாது என்பதே அவர்களின் விதி. அமில நீக்கத்தையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வைக்கும் முறை எளியது. நாளிதழைச் செங்குத்தாக நிறுத்தாமல், முடிந்தவரை மடிப்பை விரித்துக் கிடத்தி, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வையுங்கள். அது கிடைக்காவிட்டால், கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியில் பொதிந்து வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அடிக்கு மேல் அடுக்க வேண்டாம். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணைவிட, கீழ்த்தளத்தில் வெளிச்சம் படாத உட்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரி மேலானது. சுவருக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். சென்னையின் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்த அரை அடியும் போதாது என்பார்கள். அடித்தட்டையே காலியாக விடுவது நல்லது.

படி 7: உங்களிடம் இருப்பது ஃபிலிம் என்றால்

கல்லூரி நூலகங்கள் சிலவற்றில் சுருள்கள் பீரோவில் பூட்டி மறக்கப்பட்டிருக்கும். ஃபிலிம் சாகாது என்ற நம்பிக்கை தவறு. 1980களின் தொடக்கம் வரை எடுக்கப்பட்ட பல சுருள்கள் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. அவை சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு, பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். 21 டிகிரி வெப்பத்தில் 50 விழுக்காடு ஈரத்தில் வைத்தாலே புதிய அசிட்டேட் ஃபிலிம் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அந்நிலையை எட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அந்த 40 எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாலியெஸ்டர் ஃபிலிமோ முறையாகக் கழுவி முறையாக வைத்தால் 500 ஆண்டு நிற்கும் என்று மதிப்பிடப்படுகிறது. சுருளை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர், இருண்டு தெரிந்தால் அசிட்டேட். நெடி அடிக்கும் சுருளை மற்றவற்றிலிருந்து அன்றே பிரித்துவிடுங்கள், ஏனெனில் அந்த ஆவி அண்டையிலுள்ள சுருள்களையும் கெடுக்கும். பிறகு தாமதமின்றி மின்படி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் நெகட்டிவை எக்காரணம் கொண்டும் வாசகருக்குத் தரக் கூடாது. அதிலிருந்து ஒரு துணை நெகட்டிவ், அதிலிருந்து வாசகர் படி என்று மூன்று தலைமுறை வைத்து, முதலாவதை வேறு கட்டடத்தில், இயன்றால் வேறு ஊரில் வையுங்கள்.

படி 8: படமெடுக்கும்போதும், எடுத்த பிறகும்

ஃபிலிமானாலும் மின்படியானாலும், படமெடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாக எண்ணி, விடுபட்டவற்றைப் பிற நூலகங்களிலிருந்து இரவல் பெற்று நிரப்ப வேண்டும். வெற்றுப் பக்கம், இணைப்பு, அட்டை, பைண்டு செய்தவர் இடையில் செருகிய தாள் உட்பட அனைத்தையும் எடுக்க வேண்டும். ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் இருக்க வேண்டும். முதுகை வெட்டலாமா என்ற கேள்வி வரும். தையல் ஓரத்தில் எழுத்து மறைந்து, இதே இதழின் வேறு படி இருப்பதும் உறுதியானால், நூல் தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். வெட்டுக் கத்தியை நான் ஏற்பதில்லை. எடுத்த படத்தை, எடுத்தவரல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

அது முடிந்ததும் தாளைக் கட்டி, பெயர் எழுதி, இருட்டில் வையுங்கள். இடமில்லை என்றால் கழிப்பதற்கு முன் மற்ற நூலகங்களுக்கு எழுதி, இதுவே கடைசிப் படியா என்று கேளுங்கள். இரண்டு முழுத் தாள் தொகுதிகள் வெவ்வேறு ஊர்களில் இருப்பது உறுதியானால் மூன்றாவதைக் கொடுத்துவிடலாம். அதையும் எடைக்கு அன்றி, பள்ளிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கலாம்.

படி 9: மேற்கோள் காட்டும் முறை

இதழின் பெயர், பதிப்பு ஊர், நாள், பக்கம், பத்தி ஆகியவற்றோடு, நீங்கள் கண்டது தாளா, எந்த நூலகத்தின் எந்த எண்ணுள்ள சுருளா, எந்த இணையத் தொகுப்பின் மின்படியா என்பதையும் எழுதுங்கள். பழைய இதழ்களில் தமிழ் ஆண்டும் மாதமும் இருந்தால் அவற்றையும் விடாமல் தாருங்கள். ஆங்கில நாளை மாற்றுவதில் நேரும் பிழையைப் பின்வருபவர் அதனால் கண்டுபிடிப்பார். எழுத்து ஐயம் இருந்த இடத்தில் சதுர அடைப்பில் கேள்விக்குறி இட்டு, மூலத்தோடு ஒப்பிடவில்லை என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதில் எந்த இழுக்கும் இல்லை. பாரதியின் எழுத்துகள் பலவும் இதழ்ப் பக்கங்களிலிருந்தே மீட்கப்பட்டன. அவற்றில் பாடம் எது, பிழை எது என்று இன்றும் வாதாட முடிவதற்குக் காரணம், எந்தப் படியைக் கண்டோம் என்று தேடியவர்கள் எழுதிவைத்ததுதான்.

படி 3இல் சரிபார்த்தபோது கிடைத்த விடுபட்ட நாள்களின் பட்டியலையும் குறிப்பேட்டிலேயே புதைத்துவிடாமல், நூலகத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தாளில் சுருள் எண்ணோடு தெளிவாக எழுதி நூலகரிடம் கொடுத்து, அதைச் சுருளின் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.